நீலகிரியில் புற்றுநோய்ச் செவிலியர் பணி

புற்றுநோய்ச் செவிலியர் என்பவர், புற்றுநோயாளிகளுக்கு மருந்து செலுத்துதல், பக்கவிளைவுகளைக் கவனித்தல், வலியைத் தணித்தல், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் நோயைப் பற்றி விளக்குதல் ஆகியவற்றில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் ஆவார். மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிக்கிறார். அந்தச் சிகிச்சை நோயாளியின் உடலில் தவறின்றிச் சேருவதும், அவர் அதை நடுவில் விட்டுவிடாமல் முடிப்பதும் பெரும்பாலும் செவிலியரின் கையில் உள்ளன. நோயாளிகள் இவர்களைச் 'சிஸ்டர்' என்றும் 'நர்ஸம்மா' என்றும் அழைப்பர்.

இக்கட்டுரை நீலகிரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியின் தன்மையையும், அன்றாடச் சிரமங்களையும், அதில் கிடைக்கும் மனநிறைவையும் விளக்குகிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே மலைப்பாதை இருக்கும் ஊரில் இப்பணி எப்படி மாறுகிறது என்பதே இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

தமிழகப் பின்னணி

தமிழகத்தில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை உருவாகக் காரணமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்தியப் பெண்கள் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர். சாந்தா 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். 2021 சனவரியில் மறையும் வரை அவர் அந்நிலையத்தோடு இணைந்தே வாழ்ந்தார்.

முன்னாள் முதலமைச்சர் அறிஞர் அண்ணா 1969இல் புற்றுநோயால் காலமானார். அவர் நினைவாகக் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை செயல்படுகிறது. செவிலியர் கல்வியைப் பொறுத்தவரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் தொடங்கப்பட்ட பட்டப்படிப்பு நாட்டிலேயே முன்னோடியான ஒன்று.

நீலகிரியின் சூழல்

நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்கள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 7,35,394. ஹட்டிகளில் வாழும் படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர், மலையாளம் பேசுவோர், கன்னடம் பேசுவோர் எனப் பலரும் இங்கு வாழ்கின்றனர். ஆகவே இங்குள்ள செவிலியருக்கு ஒரு மொழி போதாது. "எங்கே வலிக்கிறது?", "எப்போதிருந்து?" என்ற இரண்டு கேள்விகளையாவது நோயாளியின் வீட்டு மொழியில் கேட்கத் தெரிந்திருந்தால், கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. தோட்ட மருந்தகங்களும் மருத்துவமனைகளும் அந்த அடிப்படையில் இயங்கி வந்தன. பழங்குடியினருக்காகக் கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958இல் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றுத் தம் மக்களுக்குப் பணி செய்கின்றனர். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆயினும் புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சை, குறிப்பாக மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு, என்றால் மலைமக்கள் நெடுங்காலமாகக் கோயம்புத்தூருக்கு இறங்கியே பழகியவர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் அவர்கள் செல்கின்றனர். கூடலூர், பந்தலூர் பகுதியினரில் பலர் கேரளத்தின் வயநாட்டுக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்வதுண்டு.

தொலைவு என்னும் நோய்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கூடலூர் அருகே இலை பறிக்கும் பெண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என எட்டுத் தவணை கீமோதெரபி அவருக்கு எழுதப்படுகிறது. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கி.மீ., உதகையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 85 கி.மீ. போய்வர 270 கி.மீ. எட்டு முறைக்கு 2,160 கி.மீ. இதில் பெரும்பகுதி மலைப்பாதை. இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் தனியாகச் செல்லும் பயணங்கள் இந்தக் கணக்கில் இல்லை.

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் தொடர்ந்து சில வாரங்கள் போக வேண்டும். அதனால் கோவையிலேயே தங்க நேரிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் நோயாளி இழக்கும் நாள்கூலியும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும், சாப்பாட்டுச் செலவும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன.

மூன்றாவது தவணைக்குப் பிறகு கட்டி சுருங்கிவிடும். உடம்பு தேறியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் "இது போதும்" என்று நின்றுவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய செல்கள் மீண்டும் வளரும்போது, அவற்றை அடக்குவது முன்பைவிடக் கடினம். இந்த இடத்தில் நோயாளியைப் பிடித்து நிறுத்துபவர் பெரும்பாலும் செவிலியரே. வராதவர் பெயரைக் குறித்து வைத்துத் தொலைபேசியில் அழைப்பது, வர இயலாத காரணத்தைக் கேட்பது, அருகில் எங்காவது இரத்தப் பரிசோதனை செய்ய வழி சொல்வது, காப்பீட்டு அலுவலரிடம் அனுப்புவது ஆகியவை பாடநூலில் சிறு இடமே பெறும் வேலைகள். ஆனால் சிகிச்சையின் வெற்றி தோல்வியில் இவற்றின் பங்கு பெரிது.

மருந்து கொடுக்கும் முன்

கீமோதெரபி மருந்தின் அளவு மாத்திரைக் கணக்கில் முடிவதில்லை. பல மருந்துகளுக்கு உடலின் புறப்பரப்பைக் கணக்கிட வேண்டும். அதற்கான எளிய சூத்திரம்: உயரத்தை (செ.மீ.) எடையால் (கி.கி.) பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 150 செ.மீ. உயரமும் 54 கி.கி. எடையும் உள்ள பெண்ணுக்கு 150 × 54 = 8,100; அதை 3,600ஆல் வகுத்தால் 2.25, அதன் வர்க்கமூலம் 1.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி. என்ற கணக்கில் டாக்ஸோரூபிசின் கொடுத்தால் அவருக்கு 90 மி.கி. வேண்டும்.

இரண்டு மாதத்தில் அவர் சரியாகச் சாப்பிடாமல் 48 கிலோவாக இளைத்துவிட்டால், பரப்பு ஏறத்தாழ 1.41 ஆகவும் மருந்து 85 மி.கி. ஆகவும் குறையும். பழைய எடையையே எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் கூடுதல் மருந்து போய்ச்சேரும். ஆகவே ஒவ்வொரு வருகையிலும் எடை பார்ப்பது வெறும் சடங்கன்று. பள்ளியில் படித்த வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இது நல்ல விடை.

அடுத்து இரத்த அணுக்கள். வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்னும் வகை நோய்த்தொற்றை எதிர்க்கிறது. ஒருவரின் மொத்த வெள்ளையணு 2,400 என்றும், அதில் நியூட்ரோபில் 40 விழுக்காடு என்றும் அறிக்கை வந்தால், நியூட்ரோபில் எண்ணிக்கை 960. இது வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 1,500ஐ விடக் குறைவு. செவிலியர் மருத்துவரிடம் தெரிவிப்பார். அன்றைய மருந்து பெரும்பாலும் தள்ளிவைக்கப்படும். அதிகாலையில் எழுந்து மலையிறங்கி வந்தவரிடம் "இன்று ஊசி இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்வது இப்பணியின் மிகக் கடினமான வாக்கியங்களுள் ஒன்று. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அதன்பின் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி, நேரம் ஆகியவற்றை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பர். வின்கிரிஸ்டின் என்னும் மருந்தைச் சிரைவழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறி முதுகுத்தண்டு வழியே செலுத்தினால் உயிர் போய்விடும். இத்தகைய பிழையை நினைவாற்றலை மட்டும் நம்பித் தடுக்க முடியாது. இருவர் சரிபார்க்கும் முறை அதற்காகத்தான் வந்தது.

ஊசி ஏற்றும் போது

கீமோ மருந்துகளில் சில, சிரையை விட்டு வெளியே கசிந்தால் தசையையும் தோலையும் அரித்துப் புண்ணாக்கும். சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்ஸோரூபிசின் அத்தகையது. நோயாளி "எரியுது சிஸ்டர்" என்று சொன்ன உடனே மருந்தை நிறுத்த வேண்டும். ஊசியை உடனே பிடுங்காமல், உள்ளே தங்கிய மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகே அகற்ற வேண்டும். டாக்ஸோரூபிசின் கசிந்தால் குளிர் ஒத்தடம். வின்கிரிஸ்டின் கசிந்தால் வெந்நீர் ஒத்தடம். இந்த வேறுபாட்டை மாற்றிச் செய்தால் பாதிப்பு கூடும்.

பல தவணை ஊசிக்குப் பிறகு கையில் சிரைகள் கெட்டித்து மறைந்துவிடும். மலையின் குளிரில் அவை மேலும் சுருங்கும். வெதுவெதுப்பான துணியால் கையைச் சற்று நேரம் சுற்றிவைத்து, நோயாளியிடம் பேசிக்கொண்டே சிரையைத் தேடுவது அனுபவத்தில் வரும் கைத்திறன். நீண்ட காலச் சிகிச்சைக்கு மார்பின் தோலடியில் பொருத்தும் 'போர்ட்' என்னும் கருவி உதவுகிறது. அதை நோய்த்தொற்று வராமல் பேணுவதும் செவிலியரின் பொறுப்பு.

மலைமக்களுக்குச் சொல்ல வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு அறிவுரை கூறுவது பணியின் பாதி. சமவெளிக்காக அச்சிட்ட துண்டறிக்கை மலைக்கு அப்படியே பொருந்தாது. சில எடுத்துக்காட்டுகள்:

குளிர்: பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து, சில நாட்களுக்குக் குளிரைத் தாங்க முடியாதபடி நரம்புகளைப் பாதிக்கும். குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்கள் மின்சாரம் பாய்ந்ததுபோல் கூசும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் உதகைப் பகுதியில் குழாய் நீரே பனிக்கட்டிபோல் இருக்கும். ஆகவே கையுறை, காலுறை, கம்பளிக் குல்லாய், வெந்நீர் ஆகியவை அந்நாட்களில் மருந்துச் சீட்டின் தொடர்ச்சி போன்றவை. பனி படிந்த தேயிலைச் செடியில் காலையில் கை வைக்கக் கூடாது என்று இலை பறிப்பவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பயணம்: கீமோ ஏற்றிய அன்றே கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏறினால் வாந்தி இரட்டிப்பாகும். வாந்தித் தடுப்பு மாத்திரையை எப்போது விழுங்குவது, என்ன சாப்பிட்டுவிட்டு ஏறுவது என்பதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஓர் இரவு தங்கிச் செல்வது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் பாதை அடைபடும் காலத்தில் தவணை நாளை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

காய்ச்சல்: கீமோவுக்குப் பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகக் குறையும். அப்போது உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலே அது அவசர நிலை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. நகர்ப்புறத்தில் இது எளிதான அறிவுரை. யானை நடமாடும் பந்தலூர்ப் பக்கத்துப் பாதையில் இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். வீட்டில் வெப்பமானி, 108 எண், அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டச் சிகிச்சைக் குறிப்பேடு, உடன் வர ஓர் அண்டை வீட்டார் என நான்கையும் முன்பே உறுதிசெய்து அனுப்புவதே நல்ல செவிலியம்.

தூய்மை: கீமோ மருந்து இரண்டு நாள் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் லயன் வீடுகளில், கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், அழுக்குத் துணியைக் கையுறை அணிந்து தனியாகத் துவைப்பதும் அவசியம். டாக்ஸோரூபிசின் ஏற்றிய பின் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமன்று என்று முன்பே சொல்லிவிட்டால் ஒரு வீட்டின் அச்சம் நீங்கும். காலில் அட்டை கடித்த சிறு காயத்தைக்கூட அந்நாட்களில் அலட்சியப்படுத்தக் கூடாது.

முடி உதிர்தல்: பலருக்கு நோயைவிட இது பெரிய துயரம். கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதாகச் சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. முடி கொத்துக் கொத்தாக உதிரும் முன்பே கத்தரித்துக்கொள்ளுமாறும், சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும் என்றும் செவிலியர் எடுத்துக்கூறுவார்.

வலி தணித்தலும் வீட்டுப் பராமரிப்பும்

எல்லாப் புற்றுநோயும் குணமாவதில்லை. குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைக் குறைக்க இயலும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வலி தணிப்புக்கான படிநிலை முறையை வெளியிட்டது. எளிய வலிநீக்கியில் தொடங்கி, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை செல்வது அம்முறை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் மருத்துவப் பயன்பாட்டுக்கு வழியை எளிதாக்கியது.

மார்ஃபின் என்றாலே 'கடைசி மருந்து' என்றும் 'போதை மருந்து' என்றும் குடும்பத்தினர் அஞ்சுவர். குறித்த அளவில், குறித்த நேரத்தில் கொடுத்தால் நோயாளி உட்கார்ந்து சாப்பிடவும், பேரப்பிள்ளையுடன் பேசவும் முடியும் என்பதை விளக்குவது செவிலியரின் கடமை. மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கியும் கூடவே தர வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதும் மூத்தவர்களிடம், "பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி?" என்று கேட்பதைவிட "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், தன்னார்வலரையும் செவிலியரையும் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பும் முறையை வளர்த்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், படுக்கையில் இருப்போரின் வீட்டுக்குச் சென்று ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியர்கள் இடம்பெற்றுள்ளனர். வாகனம் போகாத ஹட்டிக்கும் பாடிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து சென்று, புண்ணைக் கழுவிக் கட்டி, சிறுநீர்க் குழாயை மாற்றி, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை மருமகளுக்கோ மகனுக்கோ கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலை.

நோய் வருமுன்: திண்டுக்கல் சான்று

செவிலியர் பணி நோய் வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று எண்ணுவது தவறு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் துணையுடன் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆய்வுப் பகுதி 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை ஒரு முறை செய்தனர். 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். மற்றத் தொகுதிகளில் வழக்கமான சேவை மட்டும் இருந்தது. 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. சோதனை நடந்த தொகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன.

இச்சோதனைக்குப் பெரிய ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலம், நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற கண்கள், கூச்சப்படும் பெண்ணை நம்பவைக்கும் சொல் ஆகியவை போதும். தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் உள்ளவரின் வாயைத் திறந்து பார்த்து, ஆறாத புண்ணையோ வெள்ளைத் திட்டையோ கண்டுபிடிப்பதும் இவ்வகைப் பணியே.

சவால்கள்

முதலாவது, மருந்தே ஆபத்து. கீமோ மருந்துகள் நோயற்றவரின் செல்களையும் பாதிக்கக் கூடியவை. அவற்றைக் கலக்கத் தனிப் பாதுகாப்புப் பெட்டகமும், கையுறையும், மேலங்கியும், சிந்தினால் துடைக்கத் தனிப் பொருள்களும் வேண்டும். கருவுற்ற செவிலியரை இவ்வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், இக்கழிவுகளைத் தனி அடையாளத்துடன் மஞ்சள் நிறக் கொள்கலத்தில் சேர்க்கச் சொல்கின்றன.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. ஒருவருக்கு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அருகில் நின்று கவனிக்க வேண்டிய நேரத்தில், நான்கு படுக்கைகளிலிருந்து அழைப்பு வரும். பதிவேடுகளும் காப்பீட்டுப் படிவங்களும் காத்திருக்கும்.

மூன்றாவது, உண்மையைச் சொல்லுதல். "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்" என்று மகன் வாசலில் நின்று கேட்பார். "எனக்கு என்ன நோய் என்று என் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்கள்" என்று அதே அப்பா உள்ளே கேட்பார். இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் மறைக்கும்போது, நடுவில் நிற்பவர் செவிலியர். பொய் சொல்லாமலும் புண்படுத்தாமலும், "உங்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது? இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று நோயாளியிடமே கேட்டுத் தொடங்குவது பயிற்சியில் கற்கும் முறை. நோயைப் பற்றிய முடிவைத் தெரிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. அதைக் கேட்ட பிறகு வரும் அழுகையின் அருகில் இருப்பது பெரும்பாலும் செவிலியரின் பொறுப்பாகிறது.

நான்காவது, இழப்பு. மாதக்கணக்கில் பார்த்துப் பழகியவர் இறந்துபோனால், அடுத்த அரை மணி நேரத்தில் அதே படுக்கைக்கு விரிப்பு மாற்றி இன்னொருவரை வரவேற்க வேண்டும். தொடர்ந்து துயரத்தைச் சுமப்பதால் வரும் மனச்சோர்வு, தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் ஒட்டாமை ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. இது பலவீனமன்று, வேலையால் வரும் பாதிப்பு. இறந்தவரைப் பற்றிச் சக செவிலியருடன் சில நிமிடம் பேசுவது, பணிப்பிரிவை அவ்வப்போது மாற்றுவது, விடுப்பை மறுக்காமல் தருவது போன்ற எளிய ஏற்பாடுகள் பலரை இத்துறையில் நிலைத்திருக்கச் செய்யும்.

நிறைவு தருபவை

இத்தனை சிரமம் இருந்தும் பலர் இத்துறையை விட்டுப் போக மறுக்கின்றனர். அறுவை அரங்கில் நோயாளி சில மணி நேரமே செவிலியரின் கவனிப்பில் இருப்பார். புற்றுநோய்ப் பிரிவிலோ ஓராண்டு, ஈராண்டு என்று உறவு நீளும். அவர் வீட்டில் எத்தனை பேர், எந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதுகிறது, எந்தக் கை சிரை நன்றாக இருக்கும் என்பதெல்லாம் செவிலியருக்குத் தெரிந்திருக்கும்.

நிறைவு பெரும்பாலும் சிறிய வடிவில் வரும். வாய்ப்புண் ஆறி ஒருவர் முதல் முறையாகக் கஞ்சி குடிப்பது. நாலு நாள் தூங்காதவர் மருந்து மாற்றியபின் அயர்ந்து தூங்குவது. தேடித் தேடிக் கிடைத்த சிரையில் ஒரே முறையில் ஊசி ஏறுவது. இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தை மறுபரிசோதனைக்கு வரும்போது தலை நிறைய முடியோடு வருவது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இன்று முறையான சிகிச்சையால் குணமாகக் கூடியவை என்பது, ஒரு தலைமுறைக்கு முன் எண்ணிப் பார்க்க முடியாத மாற்றம். குணமடையாதவரின் வீட்டிலும் ஒரு நிறைவு உண்டு. வலியின்றி, தம் வீட்டில், தம் மக்கள் நடுவே ஒருவர் கண்மூடினால், அந்தக் குடும்பம் அச்செவிலியரை மறப்பதில்லை.

படிப்பும் தகுதியும்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பு அல்லது நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு முடித்து, தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் இந்திய செவிலியர் மன்றம் வகுத்துள்ள ஓராண்டுப் புற்றுநோய்ச் செவிலியப் பட்டயத்தைப் பயிலலாம். உயிரியலும் வேதியியலும் அடிப்படை. கணக்கில் கவனமும், கேட்கும் பொறுமையும், தம் வட்டார மக்களின் பேச்சில் பழக்கமும் அதே அளவு வேண்டும்.

2025-26 ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்ப வழி பிறந்தால், மேலே கண்ட 2,160 கி.மீ. பெருமளவு குறையும். ஆனால் கட்டடமும் படுக்கையும் மட்டும் அமைந்தால் போதாது. எடையைப் பார்த்து அளவைக் கணக்கிட, கசியும் மருந்தை உடனே நிறுத்த, வராதவரை அழைத்துக் கேட்க, பயிற்சி பெற்ற செவிலியர் ஒவ்வோர் ஊரிலும் தேவை. தோட்டத்திலும் ஹட்டியிலும் பாடியிலும் பிறந்து வளர்ந்த மாணவர்கள் இப்படிப்புக்கு வந்தால், நோயாளியின் மொழியும் வழியும் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.